ஆலிஸ் ஹாமில்டன்: ஈயத்தூசியின் கணக்கைக் கேட்ட மருத்துவர்

தொழிற்சாலையில் ஒருவர் நோயுற்றால் குற்றம் யாருடையது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க முதலாளிகள் இதற்கு ஆயத்தமான ஒரு விடையை வைத்திருந்தனர். தொழிலாளி கை கழுவுவதில்லை, குடிக்கிறான், அவன் பிறந்த இனத்தின் வழக்கமே அப்படி என்பதே அந்த விடை. ஈயம் உருக்கும் ஆலைகளிலும் வெள்ளை ஈயம் செய்யும் கூடங்களிலும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் கிழக்கு, தெற்கு ஐரோப்பாவிலிருந்து அண்மையில் வந்திறங்கிய ஏழைகள். மொழி தெரியாதவர்கள், வேறு வேலை கிடைக்காதவர்கள். ஒருவர் படுத்துவிட்டால் அவ்விடத்திற்கு இன்னொருவர் வாயிலில் காத்திருந்தார். கழிவுநீர்த் தொட்டியில் நச்சுவாயு தாக்கி இறந்தவர் குடித்திருந்தார் என்று நம் நாட்டில் எழும் பேச்சைக் கேட்டவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதன்று. அதனைச் சான்றுகளால் உடைத்தவர் ஆலிஸ் ஹாமில்டன்.

1869இல் நியூயார்க்கில் பிறந்து, இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் நகரில் வசதியான குடும்பத்தில் வளர்ந்தவர் அவர். 1893இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1897இல் சிகாகோவுக்கு வந்து, ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்னும் சமூக இல்லத்தில் குடியேறினார். சுற்றிலும் புலம்பெயர்ந்த தொழிலாளர் குடியிருப்புகள். ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தவரை அண்டை வீடுகளின் நோய்களே தொழிற்சாலையை நோக்கித் திருப்பின. உருக்காலை வேலையால் கை சோர்ந்து தொங்கியவர்களையும், வயிற்றுவலியில் துடித்தவர்களையும் அவர் அங்கு கண்டார்.

பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நச்சுத் தொழில்களுக்குச் சட்டமும் ஆய்வாளர்களும் அப்போதே இருந்தனர். அமெரிக்க மருத்துவ உலகமோ, தன் நாட்டு ஆலைகள் மேலானவை, அங்கே அத்தகைய நோய் இல்லை என்று நம்பியது. யாரும் எண்ணிப் பார்க்காததால் இல்லாமற்போன நோய் அது.

1910இல் இல்லினாய் மாநிலம் தொழில்நோய்களைக் கணக்கெடுக்க முற்பட்டபோது அப்பணி ஹாமில்டனிடம் வந்தது. ஆலை நிர்வாகம் காட்டியதோடு அவர் நிற்கவில்லை. மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். மருந்துக்கடைக்காரர்களையும் பாதிரியார்களையும் கேட்டார். தொழிலாளரின் வீட்டுக்கே சென்றார். மேலாளர் முன்னிலையில் வாய் திறவாதவர் தன் அடுக்களையில் பேசுவார் என்பதை அவர் அறிந்திருந்தார்.

குளியல் தொட்டிக்கு எனாமல் பூசும் தொழிலை அவர் கண்டறிந்த விதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஈய நச்சால் மருத்துவமனையில் கிடந்த ஒரு போலந்துத் தொழிலாளி, தான் தொட்டிகளுக்கு எனாமல் பூசுபவர் என்றார். ஆலைக்குச் சென்றபோது, இங்கு ஈயமே பயன்படுவதில்லை என்று நிர்வாகம் சாதித்தது. தீங்கற்ற ஒரு பணிக்கூடத்தையும் சுற்றிக் காட்டியது. அவர் தொழிலாளியின் வீட்டுக்குச் சென்று கேட்டார். உண்மையான வேலை வேறொரு கூடத்தில் நடந்தது. செந்தழலாய்க் காய்ந்த தொட்டியின்மேல் எனாமல் பொடியைத் தூவுவதே அவ்வேலை. தூவுபவர் அந்தத் தூசியையே சுவாசித்தார். பொடியைச் சோதித்தபோது அதில் ஈயம் இருந்தது.

முடிவில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழில்முறைகளில் ஈயம் பயன்படுவதையும், 578 பேர் ஈய நச்சுக்கு ஆளானதையும் அவர் ஆவணப்படுத்தினார். கைகழுவாமை பற்றிய வாதத்துக்கும் விடை கிடைத்தது. நஞ்சு முதன்மையாகக் காற்றில் பறக்கும் தூசியாகவும் புகையாகவும் உடலுக்குள் செல்கிறது. தொழிலாளி எவ்வளவு கழுவினாலும் மூச்சு விடாமல் இருக்க முடியாது. தூசியை அடக்க வேண்டியவர் ஆலையின் உரிமையாளர். 1911இல் இல்லினாய் தொழில்நோய்ச் சட்டம் இயற்றியது; நச்சுப் பொருள்களைக் கையாளுவோருக்கு மாதந்தோறும் மருத்துவச் சோதனை கட்டாயமாயிற்று.

அடுத்து ஒன்றிய அரசின் தொழிலாளர் துறைக்காக நாடெங்கும் ஆய்ந்தார். ஆலைக்குள் நுழையச் சட்ட உரிமை எதுவும் அவருக்கில்லை. முதலாளியின் இசைவை நம்பியே செல்ல வேண்டும். ஆகவே பேசி மனம் மாற்றுவதே அவருடைய வழியாயிற்று. சில இடங்களில் அது பலித்தது. நேஷனல் லெட் நிறுவனத்தின் எட்வர்ட் கார்னிஷ் முதலில் நம்ப மறுத்தார். கடும் நச்சுக்கு ஆளான 22 பேரின் விவரத்தை ஹாமில்டன் முன்வைத்ததும் தம் ஆலைகளைச் சீர்படுத்தினார். எனினும் நல்ல மனம் படைத்த ஒரு முதலாளி வாய்ப்பதைப் பொறுத்துத் தொழிலாளியின் உயிர் அமைவது எவ்வளவு பலவீனமான ஏற்பாடு என்பதை அடுத்த பத்தாண்டுகள் காட்டின.

1919இல் ஹார்வர்டு அவரைத் துணைப் பேராசிரியராக அமர்த்தியது. அங்கே ஆசிரியர் பொறுப்பேற்ற முதல் பெண் அவரே. ஆசிரியர் மன்றத்தில் நுழையக் கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது என்பன நிபந்தனைகள். 1935இல் ஓய்வு பெறும்வரை பதவி உயர்வு வரவேயில்லை. அறிவை ஏற்றுக்கொண்டு ஆளை வாசலில் நிறுத்தும் கலை நம்மவருக்கு மட்டும் உரியதன்று.

பெரிய மோதல் பெட்ரோலில் வந்தது. எந்திரம் தட்டாமல் ஓட டெட்ராஎத்தில் ஈயத்தை எரிபொருளில் கலக்க ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டாண்டர்டு ஆயில், டூபான்ட் நிறுவனங்கள் முனைந்தன. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் தொழிலாளர் பலருக்குப் புத்தி பேதலித்தது, ஐவர் இறந்தனர். அளவுக்கு மீறி உழைத்ததே காரணம் என்று ஆலைத் தரப்பு சொல்லிப் பார்த்தது. 1925 மே 20 அன்று வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் ஹாமில்டன் எதிர்த்து நின்றார். ஆலைக்குள் ஈயத்தைக் கட்டுப்படுத்துவதே அரிது, தெருவெங்கும் பரவப்போகும் தூசியை எவ்வாறு கட்டுப்படுத்துவது என்பதே அவர் வாதத்தின் சாரம். ஈயமின்றி வேறு வழி தேடுமாறும் கேட்டார். தீங்கு நிறுவப்படாதவரை நல்லதொரு கண்டுபிடிப்பைக் கைவிட முடியாது என்றது தொழில் தரப்பு. நிறுவும் சுமை அவ்வாறு நஞ்சைச் சுவாசிப்பவர்மேல் ஏற்றப்பட்டது. சில மாதங்களே ஆய்ந்த வல்லுநர் குழு, தடைக்குப் போதிய காரணம் இல்லை என்றும், ஆய்வு தொடரவேண்டும் என்றும் 1926இல் அறிவித்தது. தொடர்ந்த ஆய்வோ தொழில்துறையின் பணத்திலேயே நடந்தது. ஈயப் பெட்ரோல் மீண்டும் விற்பனைக்கு வந்தது.

ஓய்வுக்குப் பின்னும் அவர் ஓயவில்லை. விஸ்கோஸ் ரேயான் ஆலைகளில் கார்பன் டைசல்பைடு தொழிலாளரின் நரம்பையும் மனத்தையும் சிதைப்பதை ஆய்ந்து வெளிக்கொணர்ந்தார். 1943இல் தன்வரலாறு எழுதினார். 1970 செப்டம்பர் 22 அன்று, 101ஆம் வயதில் கனெக்டிகட்டில் மறைந்தார். பணியிடப் பாதுகாப்புக்கான அமெரிக்க ஒன்றியச் சட்டம் அவ்வாண்டு டிசம்பர் 29 அன்றுதான் கையெழுத்தாயிற்று. சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை அமெரிக்கா 1996இலும் இந்தியா 2000இலும் நிறுத்தின. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.