கரியில் பஸ் ஓடிய காலம்
டி.வி.சுந்தரம் அய்யங்கார் வாழ்க்கை

பெட்ரோல் இல்லாமல் பஸ் ஓடுமா?

ஓடியது! இரண்டாவது உலகப் போர் நடந்த காலத்தில், சென்னை மாகாணத்து ரோடுகளில் அடுப்புக்கரியால் பஸ்கள் ஓடின. பஸ்சின் பின்புறத்தில் பெரிய இரும்பு உருளை ஒன்று நிற்கும். அதற்குள் கரி கனன்றுகொண்டு இருக்கும். அந்தக் கரியில் இருந்து வந்த வாயுதான் என்ஜினுக்குத் தீனி.

அப்படிப்பட்ட கரிவாயுக் கருவியை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துகளால் ஊரெங்கும் அறியப்பட்ட டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

வேலையை விட்டார்

சுந்தரம் அய்யங்கார் 1877-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந்தேதி பிறந்தார். ஊர், நெல்லைச் சீமையில் உள்ள திருக்குறுங்குடி. தந்தையின் விருப்பப்படி முதலில் வக்கீல் தொழிலுக்குப் போனார். பிறகு ரெயில்வேயில் வேலை பார்த்தார். அதன் பிறகு பாங்கியில் இருந்தார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலை அது. அதை உதறிவிட்டு, மோட்டார் தொழிலில் இறங்கினார்.

1912-ம் ஆண்டில் அவருடைய பஸ் ஓடத் தொடங்கியது. அப்போது ரோடுகளில் மாட்டு வண்டிகளே அதிகம். மோட்டாரைப் பார்க்கவே கூட்டம் கூடும். பின்னர் மதுரை நகரம் அவருடைய தொழிலுக்குத் தலைமை இடம் ஆயிற்று. பஸ்களும் லாரிகளும் பெருகின.

டி.வி.எஸ். பஸ் சொன்ன நேரத்துக்கு வரும் என்ற பெயர் பரவியது. பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். மாட்டு லாடத்தில் இருந்து விழும் ஆணிகள் டயரைக் கிழித்துவிடாமல் இருக்க, காந்தம் பொருத்திய வண்டியை விட்டு ரோட்டில் ஆணி பொறுக்கினார்கள் என்றும் சொல்வார்கள்.

காலையில் கிளம்புவது எப்படி?

நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால், நேரத்துக்குக் கிளம்ப வேண்டும். விடியற்காலையில் மோட்டாரைக் கிளப்புவது அந்த நாளில் லேசான காரியம் அல்ல.

1912-ம் ஆண்டில்தான் அமெரிக்காவில் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதுவரை பெரும்பாலான மோட்டார்களை, முன்பக்கம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். கை அசந்தால் கைப்பிடி திருப்பி அடிக்கும். மணிக்கட்டு முறிந்தவர்கள் உண்டு.

இன்னொரு சங்கடமும் இருந்தது. என்ஜின் ஓடப் பெட்ரோல் மட்டும் போதாது. காற்றும் வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று வேண்டும். இரண்டும் கலந்து, பொறி பட்டு எரிந்தால்தான் என்ஜின் ஓடும். இவற்றைக் கலந்து கொடுக்கும் கருவிக்குக் கார்புரேட்டர் என்று பெயர்.

என்ஜின் சூடாக இருந்தால் பெட்ரோல் உடனே ஆவியாகும். இரவு முழுவதும் நின்று குளிர்ந்த என்ஜினில் அப்படி ஆகாது. பெட்ரோல் துளித்துளியாகக் குழாயின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போது வழக்கமான அளவுக்குக் காற்றை விட்டால் என்ஜின் பிடிக்காது. அதனால் டிரைவர் சோக் என்ற குமிழை இழுப்பார். காற்று வரும் வழி குறுகும். பெட்ரோல் தூக்கலாக இருக்கும். என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

என்ஜின் சூடேறச் சூடேற, சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். தள்ள மறந்தால் கரும்புகை வரும். அவசரப்பட்டுத் தள்ளினால் என்ஜின் நின்றுவிடும். ஈர விறகைப் பற்ற வைக்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கு புரியும். அதிகமாக ஊதினால் சுடர் அணையும். ஊதாவிட்டால் புகை மண்டும்.

பெட்ரோல் பஞ்சம்

1939-ம் ஆண்டில் போர் மூண்டது. ராணுவத்துக்கே பெட்ரோல் முதலில் போயிற்று. 1942-ம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் வசம் ஆனது. அங்கிருந்து இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெயும் நின்றது. பெட்ரோலுக்கு ரேஷன்!

பஸ் நின்றால் யாருக்கு நஷ்டம்? முதலாளிக்கு மட்டும் அல்ல. டிரைவர், கண்டக்டர், கிளீனர் குடும்பங்களுக்கு அடுப்பு எரியாது. சந்தைக்குப் போகும் வியாபாரி நடக்க வேண்டும். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோக வேண்டும்.

அந்த நேரத்தில்தான் சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்ற கரிவாயுக் கருவியைத் தயாரித்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டி இருந்தது.

கரி எப்படி வாயு ஆகிறது?

கரிக்கு நிறையக் காற்று கொடுத்தால் அது முழுவதும் எரிந்து சாம்பல் ஆகிவிடும். மூடிய உருளைக்குள் காற்றைக் குறைத்துக் கொடுத்தால், கரி அரைகுறையாக எரியும். அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகும். அது தீப்பிடித்து எரியக்கூடியது. அந்த வாயுவைக் குளிரவைத்து, சாம்பல் நீங்க வடிகட்டி, குழாய் வழியாக என்ஜினுக்கு அனுப்பினார்கள்.

பெட்ரோல் பஸ்சைவிடக் கரி பஸ்சைக் கிளப்புவது கஷ்டம். கிளீனர் இருட்டோடு எழுந்துவிடுவார். முந்தின நாள் சாம்பலை அள்ளுவார். புதுக் கரி கொட்டி நெருப்பு வைப்பார். காற்றாடியைக் கையால் சுற்றுவார். பல நிமிஷம் சுற்ற வேண்டும். முதலில் வெறும் புகைதான் வரும். பிறகு குழாய் வாயில் தீக்குச்சியைக் காட்டிப் பார்ப்பார்கள். சுடர் அணையாமல் எரிந்தால் வாயு தயார்.

இப்போதும் காற்றுக் கணக்கு உண்டு. ஆனால் கணக்கே வேறு. பெட்ரோலுக்குக் காற்று பல மடங்கு வேண்டும். கரிவாயுவுக்கு ஏறக்குறையச் சம பங்கு போதும். அதற்கென்று ஒரு தனி வால்வு இருக்கும். வாயு ஒரே சீராக வராது. ஆகையால் டிரைவர் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, என்ஜின் சத்தத்தைக் கேட்டு வால்வைத் திருப்புவார். கொஞ்சம் பெட்ரோல் கிடைத்தால், அதில் என்ஜினைக் கிளப்பி, பிறகு வாயுவுக்கு மாற்றிக்கொள்வார்கள்.

கரிவாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். ஆகவே என்ஜினுக்கு வலு குறைவு. மேட்டில் பஸ் திணறும். ஆபத்தும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. மூடிய கொட்டகைக்குள் கசிந்தால் ஆளையே கொன்றுவிடும். ஆகையால் திறந்த வெளியில்தான் நெருப்பு வைக்க வேண்டும்.

இத்தனை தொல்லை இருந்தும் பஸ்கள் ஓடின. மக்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

தேய்ந்த டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டும் தொழிலையும் அவர் தொடங்கினார். பழைய டயரைத் தூக்கி எறியாமல் மீண்டும் ஓட்ட முடிந்தது.

பிள்ளைகள் வளர்த்த தொழில்

போர் முடிந்து, பெட்ரோல் தட்டுப்பாடும் தீர்ந்ததும் கரி உருளைகள் பழைய இரும்புக்குப் போயின. சுந்தரம் அய்யங்கார் பொறுப்புகளை மகன்களிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். அவருடைய மகள் சவுந்தரம் டாக்டருக்குப் படித்தார். கணவர் ராமச்சந்திரனுடன் சேர்ந்து 1947-ம் ஆண்டில் காந்திகிராமத்தைத் தொடங்கியவர் அவர்தான்.

சுந்தரம் அய்யங்கார் 1955-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ந்தேதி கொடைக்கானலில் காலமானார். வயது 78.

1960-களில் அவருடைய பிள்ளைகள் சென்னையை அடுத்த பாடியில் சக்கரம், பிரேக், மோட்டார் மின்கருவிகள் செய்யும் ஆலைகளைக் கட்டினார்கள். டி.வி.எஸ். பஸ்கள் 1970-களின் தொடக்கத்தில் அரசுடைமை ஆயின.

பாடிக்குத் தென்மேற்கே, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பின்னாளில் மோட்டார் தொழில் பெருகியது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ - நிசான் கார் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. டி.வி.எஸ். குடும்பத்து நிறுவனங்களும் அந்த வட்டாரத்தில் ஆலைகள் அமைத்தன.

இன்றைய பெட்ரோல் கார்களில் சோக் குமிழ் இல்லை. என்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதைக் கருவிகள் அளக்கின்றன. சிறிய கம்ப்யூட்டர் பெட்ரோலையும் காற்றையும் அளந்து விடுகிறது. என்ஜின் சூடாகும் வரை நிற்காமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். கரி பஸ் காலத்தில் கிளீனர் கையாலும் டிரைவர் காதாலும் செய்த வேலை அது!