மாகோனும் எங்கள் தாய்வழிக் குடிகளும்

எங்கள் பள்ளிக் காலத்தில், புதிய சிநேகிதி ஒருத்தியை வீட்டுக்குக் கூட்டிச் சென்றால் அம்மம்மா முதலில் அவளது ஊரைக் கேட்பார். அடுத்து அவளது தாயின் குடியைக் கேட்பார். இரண்டு பேருக்கும் ஒரே குடி என்று தெரிந்துவிட்டால் அன்றிலிருந்து அவள் எங்களுக்குச் சகோதரி. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வளர்ந்த பழைய மாணவிகள் பலருக்கு இது நினைவிருக்கும். இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வளரும் எங்கள் பிள்ளைகள், குடி என்றால் என்ன என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லப் புகுந்தால், ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவனின் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வரலாற்று நூல்கள் அவனைக் கலிங்க மாகன் என்கின்றன. மட்டக்களப்பார் மாகோன் என்பர்.

மாகன் கலிங்க நாட்டு வழிவந்தவன். 1215ஆம் ஆண்டில் பெரும்படையோடு இலங்கையில் இறங்கி, பொலன்னறுவையில் ஆண்ட பராக்கிரம பாண்டியனை வென்று முடி சூடினான். அவன் படையில் கேரள வீரர்கள் நிறைந்திருந்ததாகச் சூளவம்சம் கூறுகிறது. தோற்ற மன்னனின் கண்களைப் பறித்ததையும், விகாரைகளும் ஏடுகளும் அழிந்ததையும் அதே நூல் பதிந்துவைத்திருக்கிறது. புத்தரின் புனித தந்தத்தைப் பிக்குமார் கொத்மலைக்குக் கொண்டுபோய் ஒளித்துவைத்தனர். கொட்டியாரம், கந்தளாய், பதவியா, மன்னார் முதலிய இடங்களில் காவற்படைகளை நிறுத்தி 21 ஆண்டுகள் மாகன் ஆண்டான். பின்னர் தம்பதெனிய மன்னர்கள் தலையெடுத்தனர். பழைய இராசரட்டை மீளவே இல்லை. சிங்கள மொழியில் வரலாறு படித்தவர்களுக்கு மாகன் என்ற பெயர் பேரழிவின் பெயர்.

வாவிக் கரையில் அதே மனிதனுக்கு வேறொரு முகம் உண்டு. பல ஏடுகளிலிருந்து திரட்டப்பட்டு 1962இல் வித்துவான் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், மாகோனை ஒழுங்கு வகுத்த அரசனாகக் காட்டுகிறது. நிலத்தைப் பிரித்துத் தலைவர்களிடம் ஒப்படைத்தவன், கோயில்களைப் பேணியவன், யாருக்கு எந்த உரிமை, யாருக்கு எந்த ஊழியம் என்று வரையறுத்தவன் என்பது அதன் செய்தி. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் ஆலயத்தில் உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று குடிகளின் பெயரால் மரியாதை வழங்கப்படும்போது, மாகோன் வகுத்த முறை என்றே ஊரார் சொல்வர். மண்முனைத் துறைக்குப் பாலம் வருமுன், படகுப்பாதையில் ஏறி அந்தத் தேரோட்டத்துக்குப் போனவர்கள் எங்களில் பலர்.

குடி தாய்வழியாகவே வரும். தகப்பன் எந்தக் குடியானாலும் பிள்ளை தாயின் குடி. ஒரே குடிக்குள் மணம் செய்யக்கூடாது. கோயில் வண்ணக்கர் பதவியும் குடிவழி வந்தது. மேய்ச்சல் தரையில் கலந்துவிட்ட மாடுகளைப் பிரித்தறியச் சுடும் குறியிலும் குடிக்கு இடம் இருந்தது. பழைய முக்குவர் சட்டத்தின்படி முதுசொம் சொத்து மாமனிடமிருந்து அவர் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு அந்தச் சட்டம் வழக்கொழிந்தது. ஆயினும் வீட்டை மகளுக்குக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன.

இவை எல்லாவற்றையும் மாகோனா உண்டாக்கினான்? இங்கே ஸ்கொத்லாந்துக் கதை ஒன்று துணைக்கு வருகிறது. அந்நாட்டின் தெற்கு எல்லையில் ஆம்ஸ்ட்ரோங் போன்ற குலங்கள் வாழ்ந்தன. ஒவ்வொரு குலத்துக்கும் தனியான கட்டம் போட்ட டார்ட்டன் துணி தொன்றுதொட்டு இருந்தது என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் எல்லைப்புறக் குடும்பங்களுக்கும் டார்ட்டன்களை வகுத்துக் கொடுத்த நூல் 1842இல்தான் வெளிவந்தது. பழைய ஏட்டைப் பார்த்து எழுதியதாகச் சொல்லப்பட்ட அந்த நூல் போலி என்று ஆய்வாளர் பின்னர் காட்டினர். ஆனாலும் ஆம்ஸ்ட்ரோங் வழியினர் அந்தத் துணியை இன்றும் பெருமையோடு அணிகின்றனர்.

எங்கள் குடி அப்படிப் பின்னாளில் கற்பித்த ஒன்றல்ல. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து காட்டிய முறை. ஆனால் அதை ஒரே அரசனின் கட்டளையாக்கியது பின்னாளில் திரட்டிய ஏடுகளாக இருக்கலாம். தாய்வழி மரபு கேரளத்திலும் இருந்தது. மாகனின் படையிலும் கேரளர் இருந்தனர். எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த முஸ்லிம் சிநேகிதிகளுக்கும் தாய்வழிக் குடி உண்டு. பள்ளிவாசல் மரைக்காயர் பொறுப்பும் குடிவழி வந்தது. ஆகவே குடி ஒரு மன்னனின் சொத்தோ ஒரு சமயத்தின் சொத்தோ அன்று. இக்கரையின் தாய்மார் எல்லாரும் சேர்ந்து காத்த முதுசொம் அது.

மருத்துவம் படித்தபோது, கலத்திலுள்ள இழைமணியின் மரபணு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது என்று அறிந்து வியந்தோம். அம்மம்மா சொன்ன குடியும் அதே வழியில் வந்ததல்லவா! ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. மாமன் மகனின் குடி வேறு. இரத்த உறவோ நெருங்கியது. குடி மாறியிருக்கிறது என்பதால் தலசீமியா போன்ற பரம்பரை நோய் வராது என்று இருந்துவிட வேண்டாம். திருமணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை அவசியம்.

இன்னொன்றும் உண்டு. யாருக்கு எந்த ஊழியம் என்று வகுத்த அதே ஏடுதான் சிலரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தவும் பயன்பட்டது. எங்கள் வகுப்பறையில் ஒரே வெள்ளைச் சீருடைதான். அங்கே குடியின் உயர்வு தாழ்வு செல்லவில்லை. பிள்ளைகளுக்கு மாகோனைச் சொல்லும்போது அவனது இரு முகங்களையும் சொல்வோம். பொலன்னறுவை அவனால் பட்ட துயரை மறைத்தால், மட்டக்களப்பு அவனை நினைக்கும் விதத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இந்த மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவோ பெரியம்மாவோ இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு, தாய், தாயின் தாய், அவர் தாய் என்று பெயர்களையும் குடியையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். அரசர்களின் பெயரை ஏடுகள் காத்தன. அந்தப் பெண்களின் பெயரை நாம்தான் காக்க வேண்டும்.