விற்கப்பட்ட சிறுமி... தன் படத்தையே விற்ற கதை!

வாட்ஸ்அப் டி.பி வைக்க எத்தனை செல்ஃபி எடுப்பீங்க? இருபது? முப்பது? நாம யாருன்னு அந்த ஒரு முகம் சொல்லணும்னுதானே இவ்வளவு மெனக்கெடுறோம்! 160 வருஷத்துக்கு முன்னாடியே இதுல கில்லியா இருந்தவர் ஒரு பெண்மணி. அவருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. பெயர், சோஜர்னர் ட்ரூத்.

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், 1797-ம் ஆண்டுவாக்கில் அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் இசபெல்லா. ஒன்பது வயது இருக்கும்போது ஏலத்தில் விற்றார்கள். ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து விலை 100 டாலர்!

1826-ல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எஜமானர் வீட்டிலிருந்து வெளியேறினார். சட்டத்தை மீறி அலபாமாவுக்கு விற்கப்பட்ட தன் மகனை, கோர்ட் படியேறி 1828-ல் மீட்டார். 1843-ல் சோஜர்னர் ட்ரூத் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, அடிமைமுறைக்கு எதிராகவும் பெண்ணுரிமைக்காகவும் ஊர் ஊராகப் பேசினார்.

சரி, சாப்பாட்டுக்கு? அங்கேதான் போட்டோ வருது. 1860-களில் உள்ளங்கையில் அடங்கும் போட்டோ அட்டைகள் செம டிரெண்டிங். பிரபலங்களின் படங்களை வாங்கி ஆல்பத்தில் சேர்ப்பார்கள். ட்ரூத்தும் ஸ்டூடியோவுக்குப் போனார். அட்டைகளைக் கூட்டங்களில் விற்றார், தபாலிலும் அனுப்பினார்.

அந்தப் படங்களை ஒருமுறை தேடிப் பாருங்க. வெள்ளைத் தொப்பி, சால்வை, மூக்குக்கண்ணாடி, கையில் பின்னல் வேலை, பக்கத்து மேஜையில் ஒரு புத்தகம். அடிமைகளின் முதுகுத் தழும்புகளைக் காட்டும் படங்களும் பரவிய காலம் அது. ட்ரூத் பரிதாபம் கேட்கலை. கம்பீரமா உட்கார்ந்து உங்களையே பார்க்கிறார். தன்னை உலகம் எப்படிப் பார்க்கணும்னு அவரே முடிவு பண்ணினார்.

இன்னொரு விஷயத்திலும் உஷாரா இருந்தார். அப்போதெல்லாம் போட்டோவின் காப்புரிமை பெரும்பாலும் எடுத்தவருக்குத்தான். ஆனா, 1864-ல் அதைத் தன் பெயரிலேயே பதிவு செய்தார் ட்ரூத். அட்டையிலும் அச்சிட்டார். போட்டோ தன் நிழல், அதை விற்றுத்தான் தன் உடலைக் காப்பாற்றுகிறேன் என்ற அர்த்தத்தில் ஒரு வரியும் சேர்த்தார்.

1883-ல் மிச்சிகனில் இறந்தார். அந்த அட்டைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பலவற்றில், படம் எடுத்தவர் யாரென்றே தெரியவில்லை. உரிமையாளர் பெயர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. ஒருகாலத்தில் ஆடுகளோடு விற்கப்பட்ட சிறுமியின் பெயர்!