மணலில் எழுதிய மந்திரம்... துண்டில் அள்ளிச் சென்ற மன்னர்! யார் இந்த சதாசிவ பிரம்மேந்திரர்?

'சங்கராபரணம்' படத்தில் வரும் 'மானஸ சஞ்சரரே' பாட்டைக் கேட்டிருப்பீங்க. அதை இயற்றியவர் 18-ம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு மௌனத் துறவி. அவர் மணலில் விரலால் எழுதிய எழுத்து, புதுக்கோட்டை அரண்மனையின் பூஜைப் பொருளாகவே ஆகிவிட்டது.

துறவுக்கு முன் அவர் பெயர் சிவராமகிருஷ்ணன். திருவிசநல்லூரில் படித்தார். வாதத்தில் யாரையும் விடமாட்டாராம். ஊரார் வாயை எல்லாம் அடைக்கிறாயே, உன் வாய் எப்போது அடங்கும் என்று குரு பரமசிவேந்திரர் கேட்டதாகவும், அன்றே பேச்சை நிறுத்தியதாகவும் வழிவழியாகச் சொல்கிறார்கள். அதன்பிறகு காவிரிக் கரை, காடு, மேடு என அலைந்தார்.

1738-ல் நடந்தது என்ன?

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் திருவரங்குளம் காடு. அங்கே அவரைச் சந்தித்தார் மன்னர் விஜயரகுநாதராய தொண்டைமான். உபதேசம் வேண்டும் என்று மன்னர் கேட்க, பேசாதவர் என்ன செய்வார்? தட்சிணாமூர்த்தி மந்திரத்தை மணலில் எழுதிக் காட்டினார். மன்னர் அந்த மணலை அப்படியே அங்கவஸ்திரத்தில் அள்ளி முடிந்துகொண்டு போனார். அரண்மனை தட்சிணாமூர்த்தி கோயிலில் அது வழிபாட்டுக்கு வைக்கப்பட்டது. தன்னோடு படித்த கோபாலகிருஷ்ண சாஸ்திரியைக் குருவாக வைத்துக்கொள்ளும்படியும் எழுதிக் காட்டினாராம்.

இதில் யோசிக்க ஒன்று இருக்கு. அள்ளும்போதே எழுத்து கலைந்திருக்கும். மன்னர் கொண்டுபோனது வெறும் மண்தான். ஆனாலும் எழுத்தின் சக்தி அதில் தங்கிவிட்டதாக நம்பினார்கள். திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்து 'அ' எழுதிப் பழகிய காலம் அது.

எழுத்துக்கு இப்படி ஒரு மரியாதை நம்ம ஊரில் மட்டுமில்லை. ஐரோப்பாவின் ஜெர்மானிய மக்களிடம் 'ரூன்' எழுத்துகள் இருந்தன. அந்தச் சொல்லின் பழைய பொருளே ரகசியம். அவர்கள் குச்சிகளில் குறி போட்டு, வெள்ளைத் துணியில் வீசி, மூன்றை எடுத்துக் குறி பார்த்ததை ரோமானியர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் எழுதியிருக்கிறார். நாம் பூ கட்டிப் போட்டுப் பார்ப்பது மாதிரி! ஆனால் அந்தக் குறிகள் ரூன்கள்தானா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. இப்போது கடையில் விற்கும் ரூன் கல் ஜோசியம் பெரும்பாலும் 20-ம் நூற்றாண்டுச் சரக்கு. புதுக்கோட்டை மணலிலோ யாரும் குறி பார்க்கவில்லை. அது காவல்.

காவல் பலித்ததா?

தொண்டைமான்களின் ஆட்சி 1948 வரை நீடித்ததற்கு அந்த மணல்தான் காரணம் என்பது உள்ளூர் நம்பிக்கை. கர்நாடகப் போர்களில் ஆங்கிலேயர் பக்கம் உறுதியாக நின்றதே காரணம் என்கிறது வரலாறு. இரண்டாவதுதான் ஆவணங்களோடு பொருந்துகிறது.

நவராத்திரியில் அரிசியோடு அம்மன் காசு தானம் கொடுக்கும் வழக்கத்தையும் அவரோடு சேர்த்துச் சொல்கிறார்கள். காசின் ஒரு பக்கம் அரச குலதெய்வமான திருக்கோகர்ணம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. 320 காசு சேர்ந்தால் ஒரு ரூபாய்.

சதாசிவரின் ஜீவசமாதி கரூர் அருகே நெரூரில், வில்வ மரத்தடியில் இருக்கிறது. மானாமதுரையிலும் ஒரு சமாதி உண்டு என்கிறார்கள் பக்தர்கள்.