சில்க் ஸ்மிதாவும் நான் எழுதிய ஸ்கிட்டும்

2011 டிசம்பர் 2-ம் தேதி ‘தி டர்ட்டி பிக்சர்’ ரிலீஸ். சில்க் ஸ்மிதாவின் பிறந்த நாளும் அதுதான். எங்க செட் மொத்தமும் கிளம்பிப் போனோம். அடுத்த கல்ச்சுரல்ஸில் நம்ம மேடையில் ‘சில்க்’ ஸ்கிட். சேலை கட்டி ஆடியவன் வேறொருத்தன், எழுதியவன் அடியேன். பூந்தமல்லி வரைக்கும் கேட்டிருக்கும் விசில்!

அவரைப் பற்றி அப்போது எனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது.

இயற்பெயர் விஜயலட்சுமி. ஆந்திராவின் ஏலூர் பக்கம் 1960-ல் பிறந்தவர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. சின்ன வயதிலேயே கல்யாணம், அதிலிருந்து தப்பித்து சென்னை. நடிகைகளுக்கு டச்-அப் செய்யும் வேலை. வினுசக்கரவர்த்தி கண்ணில் பட்டு, 1980-ல் ‘வண்டிச்சக்கரம்’. அதில் வந்த பாத்திரத்தின் பெயர்தான் சில்க். கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

அப்புறம் நடந்தது சினிமா வியாபாரம். விலை போகாமல் பெட்டியில் தூங்கிய படத்தில் சில்க் பாட்டு ஒன்றைச் சேர்த்தால் விநியோகஸ்தர் வாங்கிவிடுவார். இப்படியே பல மொழிகளில் 400-க்கும் மேல் படங்கள். 1989-ல் மலையாளத்தில் வந்த ‘லயனம்’ இந்தியில் ‘ரேஷ்மா கி ஜவானி’ ஆகி, வடக்கே காலைக் காட்சிகளில் வருஷக்கணக்கில் ஓடியது. லாபம் யார் யாருக்கோ.

ஆனால் 1981-லேயே பாரதிராஜா ‘அலைகள் ஓய்வதில்லை’யில் அவரைத் தியாகராஜனின் மனைவியாக, குடும்பப் பெண்ணாக நடிக்க வைத்தார். போன வருஷம்தான் அதை முழுசாகப் பார்த்தேன். ஆட்டமில்லை, பாட்டில்லை. அந்தக் கண்களே போதும், கலங்கடித்துவிட்டார். அந்த மாதிரி வேஷத்தை அதற்கப்புறம் எத்தனை பேர் கொடுத்தார்கள்? பாலுமகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’யில்கூட (1982) தலைமை ஆசிரியரின் மனைவிக்கு ஆசை மட்டும்தான் வைத்திருந்தார்கள்.

சொந்தமாகப் படம் எடுத்தார். நஷ்டம், கடன். 1996 செப்டம்பர் 23 அன்று சென்னையில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது போலீஸ். வயது 35. இதை எழுதுகிற எனக்கும் இப்போது ஏறக்குறைய அதே வயசு.

பூந்தமல்லியில் 25ஜி ஏறி, போரூர், வளசரவாக்கம் தாண்டினால் சாலிகிராமம். அவர் வாழ்ந்த ஏரியா. நாலு வருஷம் அந்த வழியாகப் போய்வந்திருக்கிறேன், ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

ரீயூனியனுக்கு அந்த ஸ்கிட்டை மறுபடி போடலாம்னு பசங்க கேட்டாங்க. ஸ்கிரிப்ட் என் பழைய ஃபைலில் பத்திரமாக இருக்கு. தர முடியாதுடான்னு சொல்லிட்டேன்.