கண்ணொளியின் ரகசியம் கண்ட பவுல் கர்ரர்

பொழுது சாய்ந்ததும் கண் தெரியாது. பிள்ளைகள் தட்டுத்தடுமாறுவார்கள். இதுதான் மாலைக்கண். உணவில் வைட்டமின் 'ஏ' குறைவதே இதற்கு முக்கியக் காரணம். குறை நீடித்தால் பார்வையே பறிபோகலாம்.

அந்த வைட்டமினின் அமைப்பைக் கண்டுபிடித்த விஞ்ஞானி பவுல் கர்ரர்.

இவர் 1889-ம் ஆண்டு மாஸ்கோ நகரில் பிறந்தார். பெற்றோர் சுவிட்சர்லாந்துக்காரர்கள். தந்தை பல் டாக்டர். பவுல் சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் தாய்நாடு திரும்பியது. சூரிச் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் படித்தார். 1919-ல் அங்கேயே பேராசிரியர் ஆனார்.

காரட்டுக்கு நிறம் தருவது பீட்டா கரோட்டின். அதன் அமைப்பை 1930-ல் கண்டார். மறு ஆண்டு, மீன் ஈரல் எண்ணெயில் உள்ள வைட்டமின் 'ஏ'யின் அமைப்பையும் கண்டார். அப்போது ஓர் உண்மை புலப்பட்டது. கரோட்டினை நடுவில் பிளந்து நீரைச் சேர்த்தால் வைட்டமின் 'ஏ'!

இந்த மாற்றம் உடலுக்குள் நடக்கிறது என்பதை, அதே காலத்தில் இங்கிலாந்தில் தாமஸ் மூர் எலிகளைக் கொண்டு காட்டினார்.

1937-ல் கர்ரருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1971-ல் அவர் காலமானார்.

ஒரு கரோட்டின் இரண்டு வைட்டமின் ஆகவேண்டும். அது காகிதக் கணக்கு. வயிற்றின் கணக்கு வேறு. உண்ட கரோட்டினில் ஒரு பகுதியே உடலில் சேருகிறது. அதிலும் ஒரு பகுதியே வைட்டமினாக மாறுகிறது. உணவிலுள்ள கரோட்டின் 12 பங்குக்கு வைட்டமின் 1 பங்குதான் என்று 2001-ல் அமெரிக்க நிபுணர்கள் கணக்கிட்டார்கள்.

கரோட்டின் எண்ணெயில் கரையும். ஆகவே கீரையோ காரட்டோ, சிறிது எண்ணெய் விட்டுச் சமைத்தால் அதிகம் சேரும். பிள்ளைகளின் கண்ணுக்குக் காவல் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது!