பாவேந்தர் என்னும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்

பாவேந்தர் பாரதிதாசனைத் தமிழுலகம் புரட்சிக்கவிஞர் என்று போற்றுகிறது. மொழிக்காகவும் சமுதாய விடுதலைக்காகவும் அவர் ஆற்றிய தொண்டினை ஆய்ந்து எழுந்த நூல்கள் பலவாகும். ஆயினும் அவருக்கு நெடுங்காலம் ஊதியம் தந்து குடும்பத்தைக் காத்தது பள்ளி ஆசிரியப் பணியே ஆகும். 1909ஆம் ஆண்டு முதல் 1946ஆம் ஆண்டு வரை, 37 ஆண்டுகள், அவர் பிரெஞ்சிந்திய அரசின் பள்ளிகளில் தமிழாசிரியராய் விளங்கினார். அவர் வாழ்நாளில் இக்காலம் ஏறத்தாழச் சரிபாதியாகும்.

இச்சரிபாதி வாழ்வு அவருடைய பாடல்களில் எவ்வாறு படிந்துள்ளது என்பதும், தொடக்கக் கல்விக்குரிய பாடத்திட்டம் எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்னும் வினாவிற்கு அப்பாடல்கள் தரும் விடை யாது என்பதும் நாம் எண்ணிப் பார்த்தற்குரியன. பிள்ளைகளின் பள்ளி நேரம் தேர்வுப் பாடங்களால் மட்டுமே நிறைந்துவரும் இந்நாளில், இவ்வினா கல்வித்துறையார்க்கு மட்டுமன்றிப் பெற்றோர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் உரியதே.

பிறப்பும் இளமைக் கல்வியும்

கனக சுப்புரத்தினம் என்னும் இயற்பெயருடைய பாவேந்தர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 29ஆம் நாள் புதுவையில் பிறந்தார். தந்தையார் கனகசபை, தாயார் இலக்குமி அம்மாள். திருப்புளிசாமி ஐயா என்பாரிடம் தொடக்கக் கல்வி பயின்றார். பாட்டுப் புனைவதிலும் நடிப்பதிலும் அவருக்கு இளமையிலேயே நாட்டம் இருந்தது. ஏட்டுக் கல்வியும் இசையும் நடிப்பும் ஒருங்கே வளர்ந்த அவ்விளமையை, பிற்காலத்தில் அவர் பிள்ளைகளுக்காகப் பாடிய பாடல்களின் ஊற்று எனலாம்.

பின்னர்ப் பங்காரு பத்தர், பெரியசாமிப் பிள்ளை முதலிய புலவர்களிடம் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். கல்வே கல்லூரியில் பயின்று புலவர் தேர்வில் முதல்வராய்த் தேறினார். 1908ஆம் ஆண்டு புதுவைக்கு வந்த மகாகவி பாரதியாரை, வேணு நாயக்கர் இல்லத் திருமணத்தில் அவர் முதன்முதல் சந்தித்தார். அவ்வவையில் பாரதியாரின் பாடலையே, பாடலின் ஆசிரியர் எதிரில் அமர்ந்திருப்பது அறியாது, இசையோடு பாடினார் என்பது யாவரும் அறிந்த செய்தி. பண்டிதத் தமிழில் ஊறிய இளைஞர், எளிய மக்களின் நாவில் நிற்கும் தமிழை நோக்கித் திரும்பியது அத்தொடர்பின் பயனாகும். அவ்வெளிய தமிழே பின்னாளில் பிள்ளைகளை நாடிச் செல்ல அவருக்கு வாகனமாயிற்று.

ஆசிரியப் பணி

1909ஆம் ஆண்டு, தம் பதினெட்டாம் அகவையில், காரைக்காலைச் சார்ந்த நிரவியில் அரசுப் பள்ளித் தமிழாசிரியராய் அமர்ந்தார். பிரெஞ்சு மொழி ஆட்சிமொழியாய் இருந்த அந்நாளில், அலுவல் நாடுவோர்க்கு அம்மொழியே வாயிலாய் இருந்தது. தாய்மொழி ஆசிரியர்க்கு அரசவையில் பெருமதிப்பு இருந்திருக்க வாய்ப்பில்லை. அச்சூழலில் தமிழைக் கற்பிப்பது, பிள்ளைகளுக்கு அவர்தம் உலகத்தைக் கற்பிப்பதாகும் என்னும் தெளிவு அவரிடம் உருப்பெற்றது.

அவருடைய பணிக்காலம் அமைதியாய்க் கழியவில்லை. 1919ஆம் ஆண்டு திருபுவனையில் ஆசிரியராய் இருந்தபொழுது, பிரெஞ்சு அரசுக்கு எதிராகச் செயற்பட்டார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் ஒன்றேகால் ஆண்டு சிறைப்பட்டார். குற்றமற்றவர் என்பது தெளிந்த பின் விடுதலை பெற்று, வேலை நீக்கத்தை எதிர்த்து வழக்காடி வென்று, மீண்டும் பள்ளிக்கே திரும்பினார். கவிஞராகப் புகழ் பெற்ற பின்னரும் ஆசிரியப் பணியை அவர் துறக்கவில்லை. 1946ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சென்னையில் அறிஞர் அண்ணா முதலியோர் முன்னின்று விழா எடுத்து ரூ.25,000 நிதி வழங்கியபொழுதும் அவர் பள்ளி ஆசிரியரே. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில்தான் ஓய்வு பெற்றார்.

பாட்டில் விரிந்த பாடத்திட்டம்

பாவேந்தர் பிள்ளைகளுக்குப் பாடியது அரசியலில் இளைப்பாறக் கிடைத்த ஓய்வுப் பொழுதில் அன்று. 1930ஆம் ஆண்டிலேயே சிறுவர் சிறுமியர் தேசிய கீதம் என்னும் நூல் வெளிவந்துவிட்டது. 1942ஆம் ஆண்டு வெளிவந்த இசையமுது சிறுவர்க்கெனத் தனிப்பகுதி கொண்டது. 1944ஆம் ஆண்டு வெளிவந்த அழகின் சிரிப்பு கடல், தென்றல், காடு, குன்றம், ஆறு, செந்தாமரை, ஞாயிறு, வான், ஆல், புறாக்கள், கிளி, சிற்றூர், பட்டணம் என்று இயற்கையையும் வாழிடத்தையும் வரிசைப்படுத்திக் காட்டிற்று. 1958ஆம் ஆண்டு வெளிவந்த இளைஞர் இலக்கியம் இம்முயற்சியின் முதிர்ந்த கனியாகும்.

இளைஞர் இலக்கியத்தின் பகுப்பு முறையே நம் கருத்தைக் கவர்வது. மொழி, இயற்கை, அறிவு, ஊர்தி, தொழில், விளக்கு, சிற்றுயிர், கதைப்பாட்டு, தாலாட்டு, சிரிப்பு என்பன போன்ற தலைப்புகளின்கீழ்ப் பாடல்கள் அமைந்துள்ளன. இத்தலைப்புகளைப் பள்ளிக்கூடத்தின் மொழியில் பெயர்த்துப் பார்ப்போமாயின், மொழிப்பாடம், இயற்கை அறிவு, பொது அறிவு, போக்குவரத்து, தொழிற்கல்வி, அறிவியல், உயிரியல், இலக்கியம், இல்லறப் பண்பு, நகைச்சுவை என ஒரு தொடக்கப்பள்ளியின் கால அட்டவணையே நம் கண்முன் விரியும். இது கவிஞர் தற்செயலாய்த் தொகுத்த கதம்பம் என்று கொள்ளுதற்கில்லை. சிறுவர் கூட்டத்தின் நடுவே 37 ஆண்டுகள் நின்ற ஒருவர், அவர்தம் கண் எங்கெங்குச் செல்கிறது என்று கண்டறிந்து வகுத்த முறை என்றே கொள்ளத்தகும்.

இத்திட்டத்தில் குறிக்கத்தக்க கூறுகள் மூன்று.

முதலாவது, அண்மையிலிருந்து தொலைவிற்குச் செல்லும் நெறி. வீட்டில் எரியும் விளக்கும், முற்றத்தில் ஊரும் எறும்பும், தெருவில் ஓடும் வண்டியும் பிள்ளையின் முதற் பாடங்களாகின்றன. தான் நாளும் காணும் பொருளுக்குப் பெயரும் பண்பும் அறிந்த பிள்ளையே, காணாத மலையையும் கடல் கடந்த நாட்டையும் மனத்தில் வரைந்துகொள்ளும்.

இரண்டாவது, உழைப்பிற்குத் தந்த இடம். இசையமுது நூலின் தொடக்கத்தில் வண்டிக்காரன், மாடு மேய்ப்பவன், தறித் தொழிலாளி, உழவன், உழத்தி, இரும்பாலைத் தொழிலாளி, கூடை முறம் கட்டுவோர், பூக்காரி, தபாற்காரன், ஓவியக்காரன் எனத் தொழிலாளர் பலர் அணிவகுக்கின்றனர். எழுத்தறிந்தவர் மேலோர், கைத்தொழில் புரிவோர் கீழோர் என்னும் எண்ணம் பள்ளிப் பருவத்திலேயே பிள்ளைகளிடம் படிந்துவிடுவதுண்டு. தபாற்காரரையும் பூக்காரியையும் பாடிப் பழகிய நாவிற்கு அவர்களை இகழ்தல் எளிதன்று.

மூன்றாவது, பெண் கல்வி. பள்ளிக்குச் செல்லத் தயங்கி நிற்கும் சிறுமிக்கு அன்போடு அறிவுரை கூறும் அவர்தம் பாடலைத் தமிழ்நாட்டிலும் புதுவையிலும் அறியாதார் இலர். பிள்ளைகளில் ஆண், பெண் என்று பிரித்துக் கல்விக்கு அளவு குறைத்தலாகாது என்பதை அவர் அரசாணை மொழியில் கூறவில்லை. ஒரு வீட்டு முற்றத்தின் மொழியில் கூறினார். ஆதலின் அது வீடுதோறும் புகுந்தது.

அளவும் சமனும்

பாடத்திட்டம் பரந்ததாய் இருத்தல் வேண்டும் என்பது உலக நாடுகள் பலவும் உணர்ந்த ஒன்று. பிரான்சு நாட்டில் சூல்சு பெரி கல்வி அமைச்சராய் இருந்தபொழுது இயற்றப்பட்ட 1882ஆம் ஆண்டுச் சட்டம், மொழி, கணிதம், வரலாறு, புவியியல், இயற்கை அறிவியல், ஒழுக்கம், ஓவியம், இசை, உடற்பயிற்சி, கைவேலை ஆகிய யாவற்றையும் தொடக்கக் கல்விக்கு உரியனவாக வகுத்தது. நம் நாட்டில் 1937ஆம் ஆண்டு, காந்தியடிகளின் வார்தாக் கல்வித் திட்டத்திற்குப் பாடத்திட்டம் வகுத்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர், தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் தலைவராய் இருந்த டாக்டர் ஜாகிர் உசேன் ஆவார். பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவராய் உயர்ந்த அப்பெருந்தகையின் குழு, கைத்தொழிலை நடுவில் நிறுத்தி, தாய்மொழி, கணிதம், சமூகவியல், பொது அறிவியல், ஓவியம், இசை ஆகியவற்றை அதனோடு இணைத்தது. புதுவையிலேயே 1943ஆம் ஆண்டு அரவிந்தர் ஆசிரமத்தில் தொடங்கப்பெற்ற பள்ளி, உடற்கல்விக்கும் கலைகளுக்கும் அறிவுக்கல்வியோடு ஒப்ப இடம் அளித்தது.

இவற்றோடு வைத்து எண்ணுங்கால் பாவேந்தரின் தனிச்சிறப்புப் புலனாகும். சட்டமும் குழு அறிக்கையும் பாடங்களை வகுத்துக் கூறின. பாவேந்தர் அப்பாடங்களைத் தமிழ்ப் பிள்ளையின் நாவில் நிற்கும் உணவாகச் சமைத்துத் தந்தார். அட்டவணையில் ஓவியம், இசை என்று எழுதிவைப்பது எளிது. அந்நேரத்தில் பிள்ளைக்குக் கொடுப்பதற்குத் தாய்மொழியில் பொருள் இல்லையாயின், அவ்வட்டவணை சுவரில் தொங்கும் தாளாகவே நின்றுவிடும்.

எனினும் பாவேந்தரின் பாடல்களே முழுமையான பாடத்திட்டமாகிவிடும் என்று கூறுதல் மிகையாகும். கணக்கினைப் பாட்டால் மட்டும் கற்பித்தல் இயலாது. செய்து பார்த்து அறியும் அறிவியலுக்குப் பாடல் ஆர்வத்தைத் தூண்டுமேயன்றிச் சோதனைக்கு ஈடாகாது. அவருடைய பகுத்தறிவுக் கொள்கைகள் சிலவற்றோடு இறைநம்பிக்கையுடைய நாம் உடன்பட இயலாமையும் உண்மையே. ஆயினும் பிள்ளையின் முழு உலகத்தையும் வகுப்பறைக்குள் கொணர வேண்டும் என்னும் அவர்தம் நெறி எச்சமயத்தார்க்கும் பொதுவானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதன்முதல் அருளப்பெற்ற இறைக்கட்டளை ஓதுமாறு பணித்தது என்பதை நாம் அறிவோம். வானையும் பூமியையும் ஒட்டகத்தையும் தேனீயையும் நோக்கிச் சிந்திக்கத் தூண்டும் திருமறையை உடைய சமுதாயம், பிள்ளைகளின் கல்வியைச் சில பாடங்களுக்குள் சுருக்கிவிடுதல் பொருந்துமா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் முன் நிற்கும் கடமை

இன்று நம் இல்லங்களில் ஒரு பிள்ளையின் நாள் எவ்வாறு கழிகிறது? காலையிலோ மாலையிலோ மதரஸாவில் ஓதுதல், பகலில் பள்ளி, அதன்பின் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம். இவை ஒவ்வொன்றும் தேவையானவையே. ஆனால் இவற்றிற்கிடையே பாட்டு, படம் வரைதல், விளையாட்டு, தோட்டவேலை ஆகியவற்றிற்குரிய நேரம் யாரும் அறியாமலே கரைந்துபோகிறது. தேர்வு நெருங்குங்கால் ஆசிரியர் முதலில் எடுத்துக்கொள்வது விளையாட்டு நேரத்தைத்தான்; அதற்காக வருந்தும் பெற்றோர் மிகச் சிலரே. தமிழை ஒரு மதிப்பெண் பாடமாக மட்டும் கருதி, வீட்டிலும் அதனைப் பிள்ளையின் நாவிலிருந்து விலக்கும் போக்கும் பெருகிவருகிறது.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பாடத்திட்டம் பிள்ளையின் முழுமையான வளர்ச்சிக்கு உரியதாகவும், செயல்வழியிலும் தேடலின்வழியிலும் கற்பிப்பதாகவும், அச்சம் அற்றதாகவும், இயன்றவரை தாய்மொழியில் அமைந்ததாகவும் இருத்தல் வேண்டும் என்று விதிக்கிறது. அச்சட்டம் எழுவதற்கு அரை நூற்றாண்டு முன்னரே இந்நெறிகளுக்கு இசைந்த பாடல்களைப் புதுவை ஆசிரியர் ஒருவர் நமக்கு விட்டுச்சென்றுள்ளார். அவற்றை மனப்பாடப் பகுதியாக்கி மதிப்பெண் வாங்கும் கருவியாக மட்டும் நாம் பயன்படுத்துவோமாயின், குற்றம் நம்மைச் சாரும்.

ஆதலின் தொடக்கப்பள்ளிகளை நடத்தும் சமுதாயப் பெரியோர்க்கு ஒன்று கூற விழைகிறோம். கட்டடமும் கணினியும் வாங்கும் அக்கறையோடு, பாட்டுக்கும் ஓவியத்துக்கும் கைவேலைக்கும் வாரத்தில் உரிய நேரம் உண்டா, அந்நேரம் பிற பாடங்களுக்குப் பறிபோகாமல் காக்கப்படுகிறதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். ஆசிரியப் பணியை நாடும் நம் மாணவ மாணவியர், பாவேந்தரைத் தேர்வுக்குரிய கவிஞராக மட்டும் படியாது, தம் தொழிலின் முன்னோராகவும் படித்தல் நன்று.

பாவேந்தர் 1964ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 21ஆம் நாள் சென்னையில் மறைந்தார். புதுவைப் பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த இல்லம் அருங்காட்சியகமாய்ப் போற்றப்படுகிறது. அங்குச் செல்லும் மாணவர்கள் ஒரு பெருங்கவிஞரின் இல்லத்தைக் காண்பதோடு, நாள்தோறும் பள்ளிக்குப் புறப்பட்டுச் சென்ற ஓர் ஆசிரியரின் இல்லத்தையும் காண்பாராக. அவர் விரித்துக் காட்டிய உலகம் நம் பிள்ளைகள் ஒவ்வொருவர்க்கும் கிட்ட இறையருள் துணை நிற்பதாக.